மெதுவாய் மெலியும் பிள்ளைக்கு

மக்கா,

எடை குறைய இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து ஐந்தாறு மாதம் ஆகிறது. நீ நினைத்த வேகத்தில் எடை இறங்கவில்லை. உன்னோடு அதே வாரம் ஆபரேஷன் செய்துகொண்டவர் பாதி ஆளாகிவிட்டார். டாக்டர் ‘பரவாயில்லை, பார்ப்போம்’ என்கிறார். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அவர்கள் சொல்லாமல் இருப்பதுதான் உனக்கு அதிகம் குத்துகிறது, இல்லையா?

இந்த வழியில் உனக்கு முன்னால் நடந்தவள் நான். பாளையங்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். என் உடம்பும் மெதுவாகத்தான் இறங்கியது. ரிவ்யூ நாட்களில் ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கற்றதையும் சேர்த்து எழுதுகிறேன். மருந்து மாத்திரை விஷயத்தில் உன் டாக்டர் சொல்வதே முடிவு. நான் சொல்லப்போவது பெரும்பாலும் மனசைப் பற்றி.

1. முதலில் கணக்கைச் சரியாகப் போடு. ‘எத்தனை கிலோ குறைந்தது?’ என்று எல்லாரும் கேட்பார்கள். எத்தனையில் எத்தனை என்று நீ திருப்பிக் கேள். 180 கிலோ இருந்தவருக்குப் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் 18 கிலோ. 95 கிலோ இருந்தவளுக்கு அதே பத்தில் ஒரு பங்கு ஒன்பதரைக் கிலோதான். இருவர் உடம்பும் ஒரே பங்கைத்தான் இறக்கியிருக்கிறது. ஆனால் அவருக்குக் கைதட்டல், இவளுக்கு அழுகை.

இன்னொரு குழப்பமும் உண்டு. சில டாக்டர்கள் மொத்த எடையில் எத்தனை விழுக்காடு என்பார்கள். சிலர் கூடுதல் எடையில் எத்தனை என்பார்கள். 158 சென்டிமீட்டர் உயரமும் 110 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. கணக்கில் ஆசியர்களுக்கான எல்லை 23. அதை வைத்துப் பார்த்தால் அவள் இருக்கவேண்டியது ஏறக்குறைய 57 கிலோ. கூடுதல் 53 கிலோ. ஓராண்டில் 27 கிலோ குறைந்தால் மொத்தத்தில் அது நாலில் ஒரு பங்கு, கூடுதலில் பாதி. ஒரே உடம்புக்கு இரண்டு மதிப்பெண். ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாகக் கிடைப்பதே மொத்த எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் ஆபரேஷனில் இன்னும் கொஞ்சம் கூடும். சராசரி என்று ஒன்று இருந்தால் ஏறக்குறைய பாதிப் பேர் அதற்குக் கீழேதான் நிற்பார்கள். வகுப்பில் பாதிப் பிள்ளைகளைத் தோல்வி என்று எந்த டீச்சராவது எழுதுவாளா? நீ மட்டும் ஏன் உன்னை அப்படி எழுதிக்கொள்கிறாய்?

2. நிற்கிற நாட்களில் பதறாதே. எடை இறங்கும், நிற்கும், இரண்டு நாள் ஏறக்கூடச் செய்யும், பிறகு மறுபடி இறங்கும். முதல் நிற்றல் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தை ஒட்டியே வந்துவிடும். அதற்குக் காரணம் தண்ணீர். ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சாப்பாடு குறைந்ததும் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் கூடவே போகிறது. முதல் நாட்களின் பெரிய இறக்கத்தில் நல்ல பங்கு இதுதான். பிறகு உடம்பு அந்தச் சேமிப்பைக் கொஞ்சம் திரும்ப நிரப்பும்; தண்ணீரும் திரும்பும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டே இருக்கும், மெஷினில் முள் மட்டும் அசையாது.

ஐந்தாம் ஆறாம் மாதத்து மந்தம் வேறு. 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, இந்தச் சோதனைக்குத் தாமாக முன்வந்தவர்கள் அவர்கள். எடை நாலில் ஒரு பங்கு குறைந்தது. சும்மா கிடக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியும் வெகுவாக இறங்கிப்போனது. குளிர் தாங்கவில்லை, எரிச்சல், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, காலில் நீர்வீக்கம். பஞ்சம் பார்த்த வீட்டுக்காரி உலையில் போடும் அரிசியைக் குறைப்பதுபோல, உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. 1876-78-ன் தாது வருஷப் பஞ்சத்தைத் தாண்டி வந்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். அவர்களைக் காப்பாற்றிய புத்திதான் இன்று உன் உடம்பிலும் வேலை செய்கிறது. அதன்மேல் கோபப்படாதே. கோபத்தில், இருக்கிற சாப்பாட்டையும் பாதியாக வெட்டாதே. உடம்பு தன் செலவை இன்னும் சுருக்கும்.

3. ரிவ்யூவுக்குப் போவதை நிறுத்தாதே. இது ஒன்றுக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன் என்றே வைத்துக்கொள். நன்றாக மெலிந்தவர்கள் சிரித்த முகத்தோடு வந்துவிடுவார்கள். மெதுவாக மெலிகிறவர்கள்தான் மெல்ல மெல்லக் காணாமல் போவார்கள்.

கடற்கரைப் பக்கத்து அக்கா ஒருத்தி எனக்குப் பழக்கம். நல்ல தைரியசாலி. ஆபரேஷனுக்கு முந்தின நாள் என்னைச் சிரிக்க வைத்தவள். எடை மெஷினில் ஏறச் சொல்லி, நர்ஸ் நோட்டில் எழுதும் அந்த ஒரு நிமிஷத்தை அவளால் தாங்க முடியவில்லை. ‘போனதடவை எழுதினதையே திரும்ப எழுதப் போறாங்க. அதுக்கு பஸ்ஸேறிப் போகணுமா?’ என்று நின்றுவிட்டாள். ரிவ்யூ நின்றதும் மாத்திரையும் நின்றது. இரண்டு வருஷம் கழித்து அவளைப் பார்த்தபோது பாதம் மரத்துப்போய், இருட்டில் சுவரைப் பிடித்து நடந்தாள். ரத்தத்தில் பி12 அடிமட்டத்துக்குப் போயிருந்தது. வைத்தியத்தால் நடை ஓரளவு திரும்பியது, மரப்பு முழுதாகப் போகவில்லை. அவளுக்குக் கேடு செய்தது எடை அல்ல. மெதுவாக மெலிவதில் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. அதற்கு வெட்கப்பட்டு ஒளிகிறோமே, அங்கேதான் ஆபத்து.

பி12, இரும்பு, கால்சியம், விட்டமின் டி எல்லாம் உனக்கு ஆயுள் முழுக்கத் தேவை, எடை குறைந்தாலும் குறையாவிட்டாலும். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். இரும்பை விழுங்கிய கையோடு டீ, காபி குடிக்காதே. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள் என்றால் அதற்கும் இரும்பு, கால்சியம் இரண்டுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடு. இன்னொன்றை மறக்கவே மறக்காதே: நாள்கணக்கில் வாந்தி நிற்காமல், நடை தள்ளாடினாலோ, பார்வை இரட்டையானாலோ, பேச்சு குழம்பினாலோ அது தையமின் என்ற பி1 குறைவாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய விஷயம் அது. மறுநாள் வரை வைத்திருக்கக் கூடாது.

4. உன்னைக் குற்றவாளியாக்கும் முன் மற்றச் சாட்சிகளையும் விசாரி. வயது கூடக்கூட இறக்கம் மெதுவாகும். பல வருஷச் சர்க்கரை நோய், அதிலும் இன்சுலின் போடுகிறவர்கள், பின்தங்குவார்கள். தைராய்டு குறைவு, பி.சி.ஓ.எஸ்., ஸ்டீராய்டு, மனநலத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் எல்லாம் பின்னால் இழுக்கும். பெஞ்சில் ஒரு பேங்க்காரர் மாதாமாதம் டயட்டீஷியனிடம் திட்டு வாங்குவார். மனுஷன் பொய் சொல்லவே இல்லை. மூட்டு வலிக்கு எங்கேயோ வாங்கி விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் கொட்டு. வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதே. பைபாஸ் செய்தவர்களுக்கு அது குடலில் புண்ணை உண்டாக்கும். ஸ்லீவ் என்றாலும் டாக்டரைக் கேட்காமல் தொடாதே. அதே சமயம், எடையை இழுக்கிறது என்று எந்த மருந்தையும் நீயாக நிறுத்தவும் கூடாது.

5. மெஷினில் வாரம் ஒருமுறை ஏறு. அதே கிழமை, விடிந்ததும், கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு, அதே நைட்டியில். தினமும் மூன்று வேளை ஏறி இறங்குவது நம்மை நாமே சந்தேகப்படுகிற வேலை. நேற்று ராத்திரி ஊறுகாய் தொட்டுக்கொண்டால் இன்று அரைக் கிலோ கூடும், மாதவிலக்கு நெருங்கினால் இன்னும் கூடும். அதெல்லாம் தண்ணீர்.

சேலை கட்டுகிறவளாக இருந்தால் மெஷினை விட நல்ல சாட்சி உன்னிடமே இருக்கிறது. கொசுவத்தை எண்ணு. ஐந்தரை மீட்டர் சேலை உடம்பைச் சுற்றவே தீர்ந்துபோய், முன்னால் மூன்று மடிப்பு வைக்கத் திணறிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. மெஷின் அசையாத ஒரு மாதத்தில் அதே சேலையில் ஒரு மடிப்பு கூடியது. கணக்கு டீச்சருக்கு அதைவிட என்ன வேண்டும்? ஜாக்கெட்டின் பக்கத் தையல், மோதிரம், செருப்பின் வார் என்று எதையாவது பார்த்துக்கொள். இடுப்பைச் சுற்றி அளவு நாடாவை மாதம் ஒருமுறை வைத்துக் குறித்துக்கொள்.

6. சின்ன வயிறு எல்லாவற்றையும் தடுக்கும் என்று நம்பாதே. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மீதி உள்ள குழாயில் இரண்டு இட்லி போனாலே நெஞ்சை அடைக்கிறது. ஆனால் தூத்துக்குடி மக்ரூன்? நாக்கில் பட்டதும் கரைந்து இறங்கிவிடும். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த அந்தப் பண்டத்தில் ஒரு பொட்டலம் முழுக்கப் போனாலும் வயிறு ‘போதும்’ என்று சொல்லாது. நம்ம ஊர் அல்வாவும் அந்த ஜாதிதான். நெய்யோடு வழுக்கிக்கொண்டு போகும். டீயில் முக்கின பிஸ்கட், மிக்ஸர், ஐஸ்கிரீம், ஜூஸ், சீனி போட்ட சத்துப் பான மாவு எல்லாம் அப்படியே. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் தினமும் சாப்பாட்டு நோட்டு எழுதுவார், முத்து முத்தான எழுத்து. அதில் ஒரு பிழை இல்லை. காபியை மட்டும் எழுதமாட்டார், அது சாப்பாடு இல்லையாம். கருப்பட்டிக் காபி, நாளுக்கு ஐந்து டம்ளர்.

அதற்காக இனிமேல் மக்ரூனைக் கண்ணாலும் பார்க்காதே என்று சொல்லமாட்டேன். முற்றிலும் தடுத்தது ராத்திரியில் அடுக்களைக் கதவைத் தட்டும். ஒரே ஒரு விதி வைத்துக்கொள். எதைத் தின்றாலும் தட்டில் வை, உட்கார், நாலு பேர் பார்க்கத் தின்னு. அலமாரிக்குப் பின்னால் நின்று தின்பது ஒன்றாக இருந்தாலும் அது உன்னைக் குனிய வைக்கும். குனிந்தவள் அடுத்த ரிவ்யூவுக்குப் போகமாட்டாள். பைபாஸ் செய்தவர்களுக்கு உடம்பே காவல் நிற்பதுண்டு. இனிப்பு கூடினால் வேர்த்து, படபடத்து, வயிற்றைப் புரட்டும், டம்பிங் என்பார்கள். ஸ்லீவில் அந்தக் காவல் குறைவு.

7. தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடம் இருந்தால் சோறு. நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறேழு கிராம், நூறு கிராம் மீனில் இருபது கிராம் அளவு. ஒரு இட்லியில் இரண்டு கிராம்தான். நம் பலகாரங்களை வைத்துக் கணக்குப் போட்டால் புரதம் எவ்வளவு குறைகிறது என்று சீக்கிரம் புரிந்துவிடும். சைவம் என்றால் சுண்டல், பனீர், சோயா, கெட்டித் தயிர், தேவைப்பட்டால் டயட்டீஷியன் சொல்லும் புரோட்டீன் பவுடர். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் போகட்டும். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு தலைமுடி கொட்டினால் மிரளாதே. பெரும்பாலும் ஆறேழு மாதத்தில் தணிந்து திரும்ப முளைக்கும். புரதமும் இரும்பும் குறையாமல் பார்த்துக்கொள்.

8. இலையில் மிச்சம் வைக்கக் கற்றுக்கொள். உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் தலைமுறைக்கு ஆபரேஷனை விடக் கஷ்டமாக இருந்தது இதுதான். ஒரு பருக்கை சிந்தினால் பொறுக்கித் தின்ன வைத்து வளர்த்தார்கள். பிள்ளைகள் தட்டில் விட்டதை வழித்துத் தின்னாவிட்டால் அம்மா என்று சொல்லிக்கொள்ள முடியாது. குழம்புச் சட்டியின் அடியில் கிடந்தது, நேற்றைய மீதி, யாருக்கும் வேண்டாத கடைசித் தோசை எல்லாம் வீட்டுப் பெண்ணின் வயிற்றுக்குத்தான். பல வீடுகளில் குப்பைத் தொட்டிக்குப் போகாத சோறு ஒரு பெண்ணின் உடம்பில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கல்யாணப் பந்தியில் என்ன செய்வது என்று கேட்பாய். பரிமாறுகிறவர் வரும்போதே கையை இலைமேல் வைத்துவிடு. ‘போதும் அண்ணே’ என்று சிரித்துச் சொல். அப்படியும் விழுந்துவிட்டால் விழட்டும். அவியலைத் தின்னு, சொதியில் இருக்கும் காயைத் தின்னு, மீதியோடு இலையை மூடிவிட்டு எழுந்திரு. பக்கத்தில் இருப்பவர் ஒரு பார்வை பார்ப்பார், பார்க்கட்டும். வீட்டிலோ, அளந்து சமை, சின்னத் தட்டை எடு, பிள்ளைகள் தட்டு நேராகக் கழுவுமிடத்துக்குப் போகட்டும். அன்னத்துக்கு மரியாதை செய்வது என்றால் பசிக்கிறவனுக்குக் கொடுப்பது. வேண்டாத வயிற்றில் திணிப்பதற்கு அந்தப் பெயர் கிடையாது.

9. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ‘இவ்வளவு செலவு பண்ணி இவ்வளவுதானா?’, ‘குறுக்கு வழியில போனா இப்படித்தான்’ என்பார்கள். நல்லபடியாக இறங்கினால் அதே வாய் ‘முகம் வாடிப்போச்சே, ஏதும் நோயா?’ என்று கேட்கும். விளக்கம் சொல்லிச் சொல்லியே களைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாரிடமும் சொல்லாமல் மறைக்கவும் வேண்டாம், எல்லாரிடமும் கணக்குக் காட்டவும் வேண்டாம். உண்மையைச் சொல்ல இரண்டு மூன்று பேரை வைத்துக்கொள். அதில் ஒருவர் உன்னோடு ஆபரேஷன் செய்துகொண்டவராக இருந்தால் நல்லது. ஆனால் அவரோடு கிலோவை ஒப்பிடாதே. மாத்திரை சாப்பிட்டாயா, நடந்தாயா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

10. நடையை எடைக்காக நடக்காதே. நடந்தால் எடை குறைவது கொஞ்சம்தான், அதை நம்பி நடந்தால் ஒரு மாதத்தில் வெறுத்துவிடும். வேகமாக மெலியும் உடம்பில் கொழுப்போடு தசையும் கரைகிறது. தசை போனால் செலவு இன்னும் சுருங்கும், முதுமையில் எழுந்து நிற்கவும் முடியாமல் போகும். அதனால் நடையோடு பாரம் தூக்கும் பயிற்சியும் வேண்டும். தண்ணீர் பாட்டில் இரண்டு போதும் ஆரம்பிக்க. வ.உ.சி. மைதானத்தில் நான் சுற்றி வரும்போது என்னை முந்திப் போகாத ஆளே கிடையாது. எனக்கென்ன? தரையில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்வேன். டவுன் பஸ் படியில் கம்பியில் தொங்காமல் ஏறிய நாள் எனக்குத் தீபாவளி.

11. பசி திரும்பி வரும்போது ‘ஆபரேஷன் கெட்டுவிட்டது’ என்று நினைக்காதே. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற சுரப்பை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1999-ல் கண்டுபிடித்தார்கள். அது பெருமளவு சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். ஸ்லீவில் வெட்டி எடுப்பது அந்தப் பகுதியைத்தான். அதனால்தான் முதல் மாதங்களில் சாப்பாட்டு நினைப்பே இல்லாமல் இருந்தாய். மாதங்கள் போகப்போகப் பசி மெல்ல எட்டிப் பார்க்கும். அது வருவதற்குள் வேளைக்குச் சாப்பிடும் பழக்கம் உனக்குள் ஊறியிருக்க வேண்டும். பசியில்லாத மாதங்கள் ஓய்வெடுக்கத் தந்தவை அல்ல, பழகிக்கொள்ளத் தந்தவை. வேளை தவறாதே. மெல்லு. டி.வி.யை அணை.

12. குடிக்கிற பழக்கம் உள்ள பிள்ளை என்றால் இதைக் கேள். ஆபரேஷனுக்குப் பிறகு சாராயம் ரத்தத்தில் வேகமாக ஏறும். முன்பு சாப்பாட்டில் ஆற்றிக்கொண்ட துக்கத்தைச் சிலர் கிளாஸில் ஆற்றப் போய்விடுகிறார்கள். மெதுவாக மெலிகிற ஏமாற்றமும் அதற்கு ஒரு சாக்காகிறது. மனசு கனத்தால் மனநல டாக்டரிடம் போ. அதில் ஒரு குறையும் இல்லை.

13. பிள்ளை பெறும் வயதில் இருக்கிறவள் என்றால், ஆபரேஷன் முடிந்து ஒன்று ஒன்றரை வருஷமாவது கர்ப்பத்தைத் தள்ளிவை. எடை இறங்க இறங்கக் கரு தங்கும் வாய்ப்பு கூடும், எதிர்பாராமல் கர்ப்பமாகிவிடலாம். எடை குறையாத ஆத்திரத்தில் இதை மறந்துவிடாதே.

14. எதற்காக ஆபரேஷன் செய்துகொண்டாய் என்பதை ஒரு தாளில் எழுதிப் பார். சர்க்கரை, பிரஷர், தூக்கத்தில் மூச்சு நிற்பது, முழங்கால் வலி என்று எழுதியிருப்பாய். ஒவ்வொன்றுக்கும் எதிரே இன்றைய நிலையை எழுது. அமெரிக்காவின் வட கரோலினாவில் வால்டர் போரிஸ் என்ற சர்ஜன் எடைக்காகப் பைபாஸ் செய்துகொண்டிருந்தார். எடை இறங்கும் முன்பே, சில நாட்களிலேயே பலருக்குச் சர்க்கரை இறங்கியதைப் பார்த்து அவரே அசந்துபோனார். 1995-ல் அதை விரிவாக எழுதினார். உனக்கு இன்சுலின் யூனிட் பாதியாகக் குறைந்திருக்கிறது என்று போகிற போக்கில் சொன்னாய். அதைச் சொல்லும்போது உன் குரலில் ஒரு சந்தோஷமும் இல்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

சுவீடனில் 1987-ல் தொடங்கிய ஓர் ஆய்வு, ஆபரேஷன் செய்துகொண்ட ஏறத்தாழ இரண்டாயிரம் பேரையும், செய்யாத அதே அளவு பேரையும் வருஷக்கணக்கில் தொடர்ந்தது. செய்துகொண்டவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு ஆண்டில் எடை அடிமட்டத்துக்குப் போனது. பிறகு கொஞ்சம் ஏறியது. ஏறியும், பத்தாண்டு முடிவில் பைபாஸ் செய்தவர்கள் ஆரம்ப எடையில் நாலில் ஒரு பங்கு குறைவாகவே இருந்தார்கள். இறந்தவர்கள் எண்ணிக்கை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பக்கம் குறைவு என்று 2007-ல் வெளியிட்டார்கள். ஆக, கொஞ்சம் ஏறுவதும் இந்த வழியில் உள்ளதுதான். இப்போதே தெரிந்துகொண்டால் அன்றைக்கு ஒளியத் தோன்றாது.

15. கடைசியாக, உதவி கேட்கக் கூச்சப்படாதே. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஒழுங்காக இருந்தும் எடை நின்றுவிட்டால் டாக்டரிடம் வேறு வழிகள் உண்டு. செமாக்ளுடைட், டிர்செபடைட் என்ற வார ஊசிகள் 2025 முதல் எடைக்காகவே நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆபரேஷனுக்குப் பிறகு தேவைப்படுகிறவர்களுக்கும் கொடுக்கிறார்கள். சிலருக்கு ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவதும் உண்டு. ‘ஆபரேஷனும் பண்ணி ஊசியுமா?’ என்று ஊர் கேட்கும். பிரஷருக்கு ஒரு மாத்திரை போதாமல் இரண்டாவது எழுதினால் யாரும் கைகொட்டிச் சிரிப்பதில்லையே! ஆனால் தெரிந்தவர் போட்டார் என்று நீயாக வாங்கிப் போடாதே. உனக்கு அது தேவையா, சாப்பாடு இன்னும் குறைந்தால் உடம்பு தாங்குமா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அடுத்த ரிவ்யூவுக்கு ஒரு துண்டுத் தாள் எடுத்துக்கொள். தைராய்டும் பி12-ம் கடைசியாக எப்போது பார்த்தோம்? நான் சாப்பிடும் மாத்திரைகளில் எடையை இழுப்பது எது? என் ஆரம்ப எடைக்கும் வயதுக்கும் இந்த மாதத்தில் எவ்வளவு இறங்கியிருக்க வேண்டும்? மூன்றையும் எழுதிக்கொண்டு போ, பதிலையும் அதிலேயே எழுதி வாங்கு. தனியாகப் போகத் தயக்கம் என்றால் முதல்நாளே எனக்குப் போன் போடு. நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன்.